எச்சிலும் ஜாடையும்: ஒரு சொற்றொடருக்கு அப்பன் தேடுதல்

1

ஒரு பிள்ளை தன் அப்பனையோ அம்மாவையோ அப்படியே கொண்டிருந்தால் ஆங்கிலத்தில் 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'துப்புகிற பிம்பம்'. பிம்பம் எதற்காகத் துப்ப வேண்டும்? ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இது பிடிபடாத சங்கதிதான். பிடிபடாததால் ஆளுக்கொரு பிறப்புக் கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் எது நிற்கும், எது விழும் என்பதைப் பெரிய சிரமமில்லாமல் சொல்லிவிடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. விழுந்த கதைகள் ஏன் மறுபடி மறுபடி எழுந்து நிற்கின்றன? ஒரு சொல்லுக்குச் சுத்தமான பிறப்பு வேண்டும் என்கிற ஆசைக்கும், ஒரு பிள்ளைக்குச் சுத்தமான பிறப்பு வேண்டும் என்கிற ஆசைக்கும் என்ன உறவு?

முதலில் ஆண்டு வரிசை. இன்று வழங்கும் வடிவம் வயதில் சின்னது. அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று 1901இல் வந்த 'மிஸஸ் விக்ஸ் ஆஃப் தி கேபேஜ் பேட்ச்' என்கிற அமெரிக்க நாவல். கென்டக்கி மாநிலத்தின் ஏழைக் குடியிருப்பொன்றில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவையின் கதை. அதற்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், 'ஸ்பிட் அண்ட் இமேஜ்' கிடைக்கிறது: எச்சிலும் பிம்பமும். அதற்கும் முன்னால், 1820களில், பிம்பமே இல்லை, எச்சில் மட்டும்தான். இன்னாருடைய 'வெரி ஸ்பிட்', அதாவது அவருடைய எச்சிலேதான். இன்னும் பின்னால் போனால் பெயர்ச்சொல் கரைந்து வினையாகிவிடுகிறது. ஜார்ஜ் ஃபார்குவரின் 'லவ் அண்ட் எ பாட்டில்' நாடகத்தில் (மேடையேறியது 1698), ஒரு குழந்தை தன் அப்பன் வாயிலிருந்து துப்பப்பட்டது போல இருக்கிறது என்று வருகிறது. நிக்கலஸ் பிரெட்டன் 1602இல் எழுதிய ஒன்றில் இரண்டு பெண்பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி ஆந்தையையும் இன்னொருத்தி முள்ளெலியையும் அவற்றின் வாயிலிருந்து துப்பிப் போட்டது போலக் கொண்டிருக்கிறார்களாம். கிண்டல்தான். ஆனால் கிண்டல் செய்கிற அளவுக்கு இந்தப் பேச்சு அப்போதே புழங்கியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிகிறது.

ஆக வரிசை இப்படிப் போகிறது: வாயிலிருந்து துப்பியது போல, இன்னாரின் எச்சில், எச்சிலும் பிம்பமும், துப்புகிற பிம்பம். ஒவ்வொரு படியிலும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் பிம்பம் முன்னுக்கு வருகிறது. கடைசியில் எச்சில் வெறும் ஓசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அர்த்தம் இழந்த அடைமொழியாக.

2

இந்த வரிசை தெரிந்த பிறகும் ஒரு கதை சாகமாட்டேன் என்கிறது. 'ஸ்பிட்' என்பது எச்சிலே அல்ல, 'ஸ்பிரிட்', அதாவது ஆன்மா என்கிறது அந்தக் கதை. அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சில் ரகரம் தேய்ந்துபோகும். 'ஸ்பிரிட் அண்ட் இமேஜ்' என்பது தேய்ந்து 'ஸ்பிட் அண்ட் இமேஜ்' ஆனது. பிள்ளை அப்பனை ஆன்மாவிலும் உருவிலும் கொண்டிருக்கிறது என்பதே மூலப்பொருள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். அகமும் புறமும், உயிரும் மெய்யும் என்று பிரசங்கத்துக்கே தோதான இணை.

அழகாக இருப்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரமில்லை. யேல் பல்கலைக்கழக மொழியியலாளர் லாரன்ஸ் ஹார்ன் 2004இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் இது குறித்து நீண்ட கட்டுரை எழுதினார். சொற்பிறப்பும் தொன்மமும் ஒட்டிய ஒரு கலப்புச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்; தமிழில் 'சொற்பிறப்புத் தொன்மம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ரகரம் தேயாத பிரிட்டிஷ் வழக்குகளிலும் எச்சில் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலம் என்று ஒன்று உருவாவதற்கு முன்பும் எச்சில் இருக்கிறது. ஆங்கிலமே அல்லாத மொழிகளிலும் இருக்கிறது. பிரெஞ்சில் 'தூ க்ராஷே', அதாவது அப்பனை முழுசாகத் துப்பியது. இத்தாலியில் 'ஸ்புட்டாத்தோ', அதுவும் துப்பப்பட்டதுதான். நார்வேக்காரர்கள் ஒரு படி மேலே போய் மூக்கிலிருந்து சிந்திப் போட்டது போல என்கிறார்கள். இவர்கள் எல்லாருக்குமா ரகரம் தேய்ந்தது? 'துப்பப்பட்ட' என்று பொருள்படும் 'ஸ்பிட்டன்' என்கிற பழைய எச்ச வடிவம்தான் காதில் பிசகி ஒருபுறம் 'ஸ்பிட் அண்ட்' என்றும் மறுபுறம் 'ஸ்பிட்டிங்' என்றும் பிரிந்திருக்க வேண்டும் என்பது ஹார்னின் வாதம். அச்சில் முந்திக் கிடைப்பது 'ஸ்பிட் அண்ட் இமேஜ்' என்பதால் இந்தக் கடைசிக் கண்ணியில் எல்லாரும் அவரோடு உடன்பட வேண்டியதில்லை. எச்சில் எச்சில்தான் என்பதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆன்மாக் கதைக்கு ஒரு பங்காளி உண்டு. 'ஸ்ப்ளிட்டிங் இமேஜ்' என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒரு மரத்துண்டை நடுவே பிளந்தால் இரண்டு முகத்திலும் ரேகை ஒரே மாதிரி விழும், வயலின் செய்கிறவர்கள் இப்படித்தான் பின்பலகையைப் பொருத்துகிறார்கள், அதிலிருந்து வந்தது என்று விளக்கம். தச்சு வேலை உண்மை, சொல்வரலாறு பொய். எச்சிலுக்குப் பின்னால் வந்த வடிவம் எச்சிலுக்கு மூலமாக முடியாது.

இந்தத் துப்புரவுப் பணியின் உச்சம் பிரேசிலில் நடந்திருக்கிறது. அங்கே போர்ச்சுகீசியத்தில் 'குஸ்பிடு இ எஸ்காரடு' என்பார்கள்: துப்பியதும் காறியதும். எச்சிலோடு கோழையும் சேர்த்தி. இதன் 'சரியான மூலவடிவம்' என்று ஒரு தொடரைச் சிலர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 'எஸ்குல்பிடு எம் கராரா', அதாவது கராராவில் செதுக்கியது. கராரா இத்தாலியிலுள்ள பளிங்குக்கல் ஊர். மைக்கலாஞ்சலோ கல்லெடுத்த இடம். காறித் துப்பிய கோழையைப் பளிங்குச் சிற்பமாக மாற்றிவிட்டார்கள்! இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆங்கிலம் எச்சிலைக் கழுவி ஆன்மாவாக்குகிறது, போர்ச்சுகீசியம் கழுவிப் பளிங்காக்குகிறது. தண்ணீர் வேறு வேறு, கழுவுகிற கை ஒன்றுதான்.

அந்தக் கை படித்தவரின் கை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜனங்கள் கொச்சையாகச் சொல்கிறார்கள், மூலம் உன்னதமானது, கொச்சை என்பது உன்னதத்தின் சிதைவு என்பது இந்தக் கதைகளின் பொது இலக்கணம். நம் தமிழ்த்துறைகளில் வேர்ச்சொல் பாடம் கேட்டவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. வழக்குச் சொல் எதைக் கொடுத்தாலும் அதற்கு மேலே ஒரு செம்மையான தகப்பனை நிறுத்திவிட்டுத்தான் எம்.ஏ. வகுப்பில் மூச்சு விடுவோம்.

3

சரி, எச்சில்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் எச்சில்? வாயிலிருந்து வருவது, ஒருவருடைய உள்ளிருந்து பிரிந்து வெளியே விழுவது, விழுந்தபின்னும் அவருடையதாகவே இருப்பது. எகிப்தியத் தொன்மத்தில் ஆதும் தன் வாயிலிருந்து உமிழ்ந்து ஷூ, தெஃப்னுத் என்ற இரு தெய்வங்களை உண்டாக்குகிறான். வடநாட்டுத் தொன்மமான எட்டாவில் இரு தெய்வக் கூட்டங்கள் சமாதானம் பேசி ஒரே பாத்திரத்தில் துப்ப, அந்த எச்சிலிலிருந்து க்வாசிர் என்கிற ஞானி பிறக்கிறான். இவற்றிலிருந்து ஆங்கிலத் தொடர் வந்தது என்று நான் சொல்லவில்லை. எச்சிலால் படைக்கலாம் என்று மனிதர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஹார்ன் இன்னும் கிட்டே போகிறார்: இந்தத் தொடர்களில் எச்சிலுக்கு அடியில் விந்துவின் நினைப்பு கிடக்கிறது என்கிறார். ஆதும் கதைக்கே அப்படியொரு மாற்றுப் பாடம் உண்டு. அதில் அவன் தன் கையால் விந்தை வெளிப்படுத்தித்தான் அந்த இருவரையும் படைக்கிறான்.

இங்கே வந்ததும் விஷயம் சொல்லாராய்ச்சியைத் தாண்டிவிடுகிறது. அரிஸ்டாட்டில் உயிர்களின் பிறப்பு பற்றிய நூலில் சொன்ன கணக்கு தெரிந்ததே: அப்பன் வடிவத்தைத் தருகிறான், தாய் பொருளைத் தருகிறாள். வடிவம் முழு வெற்றி பெற்றால் பிள்ளை அப்பனைப் போல இருக்கும். பெற்றவர்களைப் போல இல்லாத பிள்ளையை ஒருவகை விகாரம் என்றே அவர் எழுதுகிறார். 'அப்பன் வாயிலிருந்து துப்பியது போல' என்கிற பேச்சில் இந்தக் கணக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தாய் எங்கே? காணோம். பத்து மாதம் சுமந்த உடம்பைத் தாண்டி, பிள்ளை நேராக அப்பன் வாயிலிருந்து வந்து விழுந்துவிடுகிறது. 'அம்மாவின் ஸ்பிட்' என்றும் ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்கிறார்கள் என்பது உண்மை. அப்போதும் அது பெற்றவளைப் பற்றிய பேச்சல்ல. அவளும் துப்பியவளாகத்தான் தெரிகிறாள்.

4

ஒரு தொடரின் பிறப்பைத் தேடுகிறவர்கள் அது எங்கே கிடைக்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. பழைய சான்றுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கலாம்.

15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கேலி நாடகம் 'மேத்ர் பாத்லன்'. எழுதியவர் யாரென்று தெரியாது. (அப்பன் பெயரில்லாத பிரதியில்தான் இந்தப் பேச்சின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று கிடைக்கிறது என்பதை ரசிக்கலாம்.) பாத்லன் வழக்கில்லாத வக்கீல். வீட்டில் உடுத்தத் துணியில்லை, கையில் காசில்லை. ஜவுளிக் கடைக்காரன் கியோமிடம் போகிறான். துணியைப் பற்றிப் பேசவில்லை; செத்துப்போன அப்பனைப் பற்றிப் பேசுகிறான். எப்பேர்ப்பட்ட மனுஷன், கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தவர் ஆச்சே! நீங்கள் அவரையே கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இருவரையும் ஒருசேரச் சுவரில் துப்பினாலும் வித்தியாசம் தெரியாது என்கிற தோரணையில் போகிறது பேச்சு. கியோம் உருகிவிடுகிறான். ஆறு முழக்கோல் துணி கடனாகப் போய்விடுகிறது, திரும்பி வருவதேயில்லை. ஜாடை என்பது இங்கே ஈடு. முகம் அப்பனுடையது என்றால் குணமும் அப்பனுடையதாக இருக்க வேண்டும்; அப்பன் கடன் கொடுத்தார் என்றால் நீயும் கொடுக்க வேண்டும். 'அப்பனைப் போல இருக்கிறாய்' என்பது வர்ணனையல்ல, கோரிக்கை.

ஃபார்குவர் நாடகத்தில் கோரிக்கை எதிர்த்திசையில் வருகிறது. அயர்லாந்திலிருந்து லண்டனுக்கு ஓடிவந்த ரோபக் என்கிற இளைஞன். ஊரில் அவனுக்குப் பிள்ளை பெற்றவளைக் கல்யாணம் செய்ய மனமில்லாமல் ஓடிவந்தவன். அவள் குழந்தையோடு லண்டனுக்கே வந்துவிடுகிறாள். வாயிலிருந்து துப்பியது போல என்கிற பேச்சு இந்த நாடகத்தில்தான் வருகிறது. மறுக்கப்பட்ட குழந்தைக்கு அதன் முகத்தைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது வெறும் சிரிப்பு விஷயமில்லை. மணமாகாமல் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் 'யாருக்கும் மகனல்லாதவன்', சொத்துரிமை கிடையாது. ஆனால் யாராவது சோறு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பங்குப்பேட்டையின் தலையில் விழும். 1576ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அப்பன் என்று கருதப்படுகிறவனிடம் செலவை வசூலிக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் இருந்தது. பிரசவ வலியில் துடிக்கிறவளிடம் 'அப்பன் யார் சொல்' என்று மருத்துவச்சிகள் கேட்டு வாங்கினார்கள். 1834இல் வந்த புதிய ஏழைச் சட்டம் பாரத்தைத் தூக்கித் தாயின் தலையிலேயே வைத்தது. பிறகு 1844இல் அவளே கீழ்நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடலாம் என்றார்கள். ரோமானியச் சட்டம் இந்த ஏற்பாட்டின் சூத்திரத்தை முன்னமே எழுதி வைத்திருந்தது: தாய் எப்போதும் நிச்சயம், அப்பன் யாரென்பதைத் திருமணம் காட்டும். திருமணம் காட்டாத இடத்தில்தான் முகம் காட்ட வேண்டியிருந்தது. எச்சில் என்கிற சொல்லின் பலம் இங்கேதான் விளங்குகிறது. ஆன்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது, எச்சில் பொருள். அது அவன் உடம்பிலிருந்து வந்தது.

ஆகவே 'ஸ்பிரிட்' கதை வெறும் அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. மறுக்கப்பட்ட பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி உரக்கச் சொன்ன பேச்சை, வாரிசு உள்ள குடும்பத்தின் வரவேற்பறைப் பேச்சாக மாற்றுகிற காரியம் அது. சண்டை மறைந்து சந்தோஷம் மட்டும் மிஞ்சுகிறது.

5

நம் பக்கம் 'அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு' என்கிறோம். எச்சிலைக் கொண்டு ஜாடை பேச நமக்கு நாக்கு வராது. எச்சில் இங்கே தீட்டின் பெயர், சாதியின் கருவி. எச்சில் இலையை யார் எடுப்பது என்பதில் ஒரு சமூக அமைப்பே இருக்கிறது. ஆகவே 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பதை அப்படியே தமிழாக்கினால் ஜாடை போய் வசவு வந்துவிடும். ஆனால் நம்மிடம் வேறொரு விசித்திரம் உண்டு. 'அச்சு அசல் அப்பா மாதிரி' என்கிறோம். அச்சு என்றால் வார்ப்பு, ஒன்றைப் போல இன்னொன்றை எடுக்கும் கருவி. அசல் அரபியிலிருந்து வந்த சொல். வேர், மூலம் என்று பொருள். அச்சில் எடுத்தது நகலாகத்தானே இருக்க வேண்டும்? அதை அசல் என்கிறோம். நகலை அதன் நகல்தன்மை முற்றியதற்காகவே அசல் என்று அழைக்கிறது நம் பேச்சு. (நகலும் அரபிதான்.) எவ்வளவு நன்றாகப் பிரதி எடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அசல்.

பிளாட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் எழுத்து தகப்பன் துணையில்லாத பிள்ளையாக வருகிறது. யாராவது கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்ல அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும். பேச்சு உரிய பிள்ளை. தெரிதா 1968இல் எழுதிய 'பிளாட்டோவின் மருந்தகம்' இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மேற்கத்தியச் சிந்தனையில் அர்த்தம் என்பதே தகப்பனாக அமர்ந்திருப்பதைக் காட்டியது. சொற்பிறப்பு ஆய்வு அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு சொல்லையும் கைப்பிடித்து அழைத்துப்போய் அதன் அப்பன் முன்னால் நிறுத்துகிறது. 'ஸ்பிட்டிங் இமேஜ்' விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், அப்பனைத் தேடப்படும் தொடரே அப்பனைத் தேடும் தொடர்.

6

விட்கன்ஸ்டைனின் 'தத்துவ ஆய்வுகள்' 1953இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் வரும் 'குடும்பச் சாயல்' என்கிற கருத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரே அம்சம் என்று எதுவுமிராது. இவளுக்கு மூக்கு, அவனுக்கு நடை, இன்னொருத்திக்குக் கண். ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பின்னியிருக்கும். விளையாட்டு என்கிற சொல்லுக்குள் அடங்குகிறவையும் இப்படித்தான் என்றார். 'ஸ்பிட்டிங் இமேஜ்' பேசும் ஜாடைக்கு இது நேர் எதிர். அங்கே ஒரு வாய், ஒரு துப்பல், ஒரு முழுப் பிம்பம். இங்கே வாய் கிடையாது, பங்காளிகள் மட்டும்தான்.

உலக மொழிகளில் இந்தத் தொடர்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். பிரெஞ்சும் இத்தாலியும் துப்புகின்றன. நார்வே மூக்கைச் சிந்துகிறது. ஜெர்மன் முகத்திலிருந்து வெட்டியெடுக்கிறது. ருஷ்யன் 'வீலிதி' என்று அச்சில் ஊற்றுகிறது. தமிழ் உரிக்கிறது, வார்க்கிறது. இவை ஒன்றையொன்று கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மூலம் என்று காட்ட எதுவுமில்லை. குடும்ப ஜாடையைப் பற்றிய தொடர்கள் விட்கன்ஸ்டைன் சொன்ன அர்த்தத்திலேயே குடும்ப ஜாடை கொண்டவை. அவற்றுக்கு அப்பன் தேடுவதைவிட உறவு எழுதுவது பயனுள்ள வேலை.

பிரிட்டனில் 1984இல் பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா இருவரும் செய்த ரப்பர் பொம்மைகளோடு 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்றே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. 1996 வரை ஓடியது. 2020இல் மறுபடி வந்தது. தாட்சரையும் அரச குடும்பத்தையும் பொம்மைகளாக்கி வாரிய அந்த நிகழ்ச்சி, சொல்லில் உறங்கிய துப்பலை மறுபடி எழுப்பியது. அங்கே பிம்பம் உண்மையிலேயே துப்பியது.

அதே 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணுக் கைரேகை முறையைக் கண்டார். அதன் முதல் வழக்கு 1985இல் வந்தது. அது கொலை வழக்கல்ல, குடியேற்ற வழக்கு. கானாவிலிருந்து பிரிட்டனிலுள்ள தாயிடம் திரும்பிய ஒரு பையனை, அவள் மகன்தான் என்று அதிகாரிகள் நம்ப மறுத்தார்கள். அப்பன் பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை. தாயின் ரத்தத்தையும் அவளுடைய மற்றப் பிள்ளைகளின் ரத்தத்தையும் கொண்டு அவன் அவள் பிள்ளையே என்று நிறுவினார் ஜெஃப்ரிஸ். அரசு வழக்கைக் கைவிட்டது. தாய் எப்போதும் நிச்சயம் என்ற ரோமானிய சூத்திரம் விமான நிலையத்தில் செல்லாமல் போனது. நிச்சயம் என்பது இயற்கையிலிருந்து வருவதில்லை, கேள்வி கேட்கிற அதிகாரத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்காரத் தாயிடம் இந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

இன்று மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம்கூட வேண்டாம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் தடவுகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு குழாயில் துப்பச் சொல்கிறார்கள். எச்சில் மறுபடி சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறது, இந்த முறை ஆய்வக முத்திரையோடு. ஆனால் துப்பச் சொல்கிறவர் யார், துப்ப வேண்டியவர் யார் என்கிற கணக்கு பாத்லன் கடையிலிருந்தும் ரோபக்கின் லண்டனிலிருந்தும் அதிகம் நகர்ந்துவிடவில்லை. சொத்தும் குடியுரிமையும் கையில் உள்ளவனுக்கு ஜாடை பெருமை. இல்லாதவனுக்கு அது நிரூபிக்க வேண்டிய பாக்கி.